நாடா இல்லாத துணிகள்

மார்ச் 6

புதுச் சட்டப்படி, எங்கள் செயலியில் யார் எதை எழுதினாலும் அரசுக்குப் பதில் சொல்ல உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். கம்பெனி பணியாவிட்டால் அந்த ஆளை உள்ளே போடலாம். வேறு நாடுகளில் இதே சட்டம் வந்தபோது, கொள்கைப் பிரிவுக் கூட்டங்களில் ‘பிணைக்கைதிச் சட்டம்’ என்று பேசிச் சிரித்தவர்கள்தான் நாங்கள். நேற்று என் பெயரையே பதிவு செய்தார்கள். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். வீட்டில் இவரிடம் “சும்மா ஒரு கையெழுத்து” என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 12

அமைச்சக உத்தரவு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காலாவதியான மருந்துக்குப் புது லேபிள் ஒட்டுகிறார்கள் என்று, நர்ஸ் என்பதைத் தவிர எதுவும் சொல்லாத ஒருவர் எங்கள் செயலியில் படத்தோடு எழுதியிருக்கிறார். அவர் யார், எங்கே இருக்கிறார் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். கொடுக்கக் கூடாது என்று தலைமை அலுவலகத்துக்கு நாலு பக்கம் எழுதினேன்.

மார்ச் 13

மேலாளர் போனில், “கொடுக்க மாட்டோம். நாங்க எல்லாரும் உங்க பின்னால நிக்கிறோம்.”

ஆமாம், கடல் தாண்டிப் பின்னால்.

மார்ச் 14

கம்பெனி அனுப்பிய வக்கீலம்மா வந்தார். பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு, கைதானால் கொண்டுபோக ஒரு பை தயாராக வைக்கச் சொன்னார். “நாடா, கயிறு இருக்கிற துணி வேண்டாம்மா, உள்ள விட மாட்டாங்க. மாத்திரைய டாக்டர் சீட்டோட வைங்க. கண்ணாடி ரெண்டா வைங்க. ஒண்ணு உடைஞ்சா கஷ்டம்.”

பீரோவைத் திறந்தால் எதை எடுத்தாலும் நாடா. கடைசியில் மகளுடைய எலாஸ்டிக் பேன்ட்டை வைத்தேன்.

“எங்க கிளம்புற?” என்றார் இவர். சொன்னேன். முகம் செத்துப்போனது.

மார்ச் 15

லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கும்போதெல்லாம் நானும் எழுந்து நிற்கிறேன். தண்ணீர் கேன் போடுகிறவரைப் பார்த்து அலறிவிட்டேன். “அட, நான்தாம்மா!” என்றார், பாவம்.

நாளை போலீஸ்காரர்கள் வருவார்கள் என்கிறார் வக்கீலம்மா. சாயங்காலம் மேலாளரை நானே கூப்பிட்டேன். “எனக்குப் பயமா இருக்கு. பொண்ணு சின்னவ. ஏதாவது செய்யுங்க.”

அவ்வளவுதான் சொன்னேன். கொடுத்துடுங்கன்னு நான் சொல்லலையே? சொல்லவே இல்லையே?

மார்ச் 16

யாரும் வரவில்லை.

மார்ச் 19

‘ஊழியரின் பாதுகாப்பு கருதி’ விவரம் கொடுக்கப்பட்டதாம். மேலாளர் இரண்டே வரியில் எழுதியிருக்கிறார். என் நாலு பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

“பீடை விட்டுச்சு” என்று இவர் என் தலையில் கை வைத்தார். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். பசித்தது, என்ன செய்ய?

மார்ச் 21

அந்த நர்ஸைச் செய்தியில் காட்டினார்கள். ஏறக்குறைய என் வயது. வேலை உடுப்போடு ஜீப்பில் ஏற்றினார்கள். கையில் எதுவும் இல்லை.

டீவியை அணைத்துவிட்டு, வாசலில் இருந்த பையைப் பிரித்தேன். மாத்திரையை அதன் இடத்தில் வைத்தேன். பேன்ட்டை மகளிடம் கொடுத்தேன். கண்ணாடி இரண்டையும் மேஜை மேல் வைத்தேன்.

அவரும் கண்ணாடி போட்டிருந்தார். இன்னொன்று எடுத்துக்கொள்ளச் சொல்ல அவருக்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.