ஊசி போட்டவர்கள் மட்டும் பிள்ளை பார்க்கலாம்

வெண்தரை நிலவுத் தளம். மருத்துவ அறைப் பதிவு.
எழுதுபவர்: ஹெப்சிபா, செவிலியர். டாக்டர் கிடையாது. விடுப்பில் ஊருக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காரப் போகும் பாவப்பட்ட ஜீவனுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

நீளிரவு, நாள் 13. 08:10

இங்கே ஒரு இரவு ஊர்க் கணக்கில் இரண்டு வாரம், பகலும் அப்படித்தான். சூரியன் இல்லை, பேட்டரிதான். தளத் தலைவர் கோமதிநாயகம் சார் எதை அணைக்கலாம் என்று தேடிக்கொண்டே அலைகிறார். இந்த முறை என் தடுப்பூசிக் குளிர்பெட்டி மாட்டியது. மோட்டாரை நிறுத்திவிட்டுப் பெட்டியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னார். வெளியே அவ்வளவு குளிர் சும்மா கிடக்கும்போது கரண்ட் எதற்கு என்பது அவர் கணக்கு. ஊசி மருந்து எவ்வளவு சில்லென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டெட்டனஸ், கக்குவான் இருமல் ஊசியெல்லாம் ஒரு தடவை உறைந்தால் வெறும் தண்ணீர்தான்.

கதவில் உள்ள மீட்டர் நாலு டிகிரி காட்டுகிறது. இருந்தாலும் சந்தேகம். சில குப்பிகளை எடுத்துக் குலுக்கித் தாங்கியில் வைத்தேன். உறைந்து போன மருந்து அரை மணி நேரத்தில் திப்பிதிப்பியாக அடியில் தங்கி மேலே தெளிந்துவிடும். நல்ல மருந்து கலங்கலாகவே நிற்கும். ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து, அதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது கையேடு. இருப்பதே கொஞ்சம், அதில் ஒன்றை வீணாக்க மனம் வரவில்லை. அரை மணி நேரம் பார்த்தேன். எல்லாம் கலங்கலாகவே இருந்தது. தேறியது.

குப்பிகளைத் திரும்ப அடுக்கவில்லை. அசதி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நீள்பகல், நாள் 1. 09:30

இசக்கியம்மாளுக்குக் கக்குவான் ஊசி போட்டேன். இவள் குழாய் வெல்டர். ஊருக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பதாக இருந்தது. கப்பல் தள்ளித் தள்ளிப் போய், இப்போது பயணம் செய்ய முடியாத மாதம் வந்துவிட்டது. ஆக, பிரசவம் இங்கேதான். நிலவில் பிறக்கப் போகும் முதல் பிள்ளை. மருத்துவச்சி நான்.

பிள்ளைக்கு முதல் ஊசி ஆறு வாரம் கழித்துத்தான் போட முடியும். அதுவரை அம்மா தன் உடம்பிலிருந்து கொடுத்தனுப்பும் எதிர்ப்புச் சக்திதான் அதற்குக் கவசம். அதைவிட்டால் சுற்றியிருக்கும் பெரியவர்கள் நோய் இல்லாமல் இருக்க வேண்டும். அதனால் தளத்தில் எல்லோருக்கும் பூஸ்டர் என்று அறிவித்தேன்.

வந்தவர்கள்: ஒருவரும் இல்லை.

நீள்பகல், நாள் 4. 17:00

வளர்ந்த ஆட்களுக்கு ஊசி போடுவது போல ஒரு கேடுகெட்ட வேலை உலகத்தில் கிடையாது. குழந்தை என்றால் அம்மா இழுத்துக்கொண்டு வருவாள். இவர்களை யார் இழுப்பது? இன்டர்காமில் வந்த சாக்குகளில் சில:

கோமதிநாயகம் சார்: "எனக்கெல்லாம் சின்ன வயசுலேயே போட்டாச்சு சிஸ்டர். அடையாளம் கூட தோள்ல இருக்கு."

அது வேறு ஊசி சார். அதுவும் ஐம்பது வருடத்துக்கு முந்தையது.

சமையல் அறை: "இன்னைக்கு வெள்ளிக்கெழமை சிஸ்டர், கை வலிச்சா மாவு யாரு பெசைவா?"

துளைப்பு இயந்திரம் ஓட்டும் மரியசூசை அண்ணாச்சி: "எனக்கு எதுக்குங்கேன்? கெளம்புறதுக்கு முன்னாடி தூத்துக்குடியில போட்டுட்டுத்தான் வந்தேன். பயண ஊசின்னு மொத்தமா நாலு குத்து குத்துனாவ."

சான்று எங்கே என்று கேட்டேன்.

"அது சட்டைப்பையில இருந்துச்சு. சட்டைய மச்சினனுக்குக் குடுத்துட்டேன்லா."

ஆமாம், மச்சினனாம், சட்டையாம். யாரிடம் கதை அளக்கிறார்?

நீள்பகல், நாள் 6. 19:00

தள வானொலியில் நான் அறிவித்தது, எழுத்துக்கு எழுத்து: "ஊசி போட்டவங்க மட்டும்தான் பிள்ளை பாக்கலாம். போடாதவங்க கண்ணாடிக்கு வெளிய நின்னு கையாட்டிட்டுப் போங்க."

இது வேலை செய்தது. நம் ஆட்கள் காய்ச்சலுக்குப் பயப்பட மாட்டார்கள், கக்குவானுக்குப் பயப்பட மாட்டார்கள். ஆனால் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து, போய்ப் பார்த்து, கையில் வாங்கி, நெற்றியில் முத்தம் கொடுத்து, கையில் எதையாவது திணிக்காமல் இருக்க முடியாது. ஏற்கெனவே ஆளாளுக்குச் சாமான் செய்துகொண்டிருக்கிறார்கள். யாரோ செம்புக் கம்பியைப் பின்னிக் கொலுசே செய்துவிட்டார்கள்.

காலை முதல் வரிசை. கோமதிநாயகம் சார் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். நானும் போட்டுக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் முடிந்தது.

மரியசூசை மட்டும் வரவில்லை: "ஒரே ஊசிய ரெண்டு தடவ போடச் சொல்லுதீங்க. நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

ஆமாம் என்றுதான் நினைக்கிறேன். தொட்டில் செய்தவர் அவர்தான் என்பதற்காக விதியை மாற்ற முடியாது. வெளியே நிற்கட்டும்.

நீளிரவு, நாள் 5. 11:20

சரக்குக் கப்பல் வந்தது. ஆறு புது ஆட்கள். பயண ஊசிச் சான்றுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் கக்குவான் பூஸ்டர் எல்லோருக்குமே பழசு, ஒருவருக்குப் போட்டுப் பத்து வருடம் ஆகப் போகிறது. காலாவதி ஆகவில்லை என்று முத்திரை சொல்கிறது. அவர் இருமுகிறார்.

கேட்டால், தூசி என்கிறார். இங்கே எல்லோரும் இருமுகிறோம். நிலவுத் தூசி கண்ணாடிப் பொடி மாதிரி, விண்வெளி சூட்டைக் கழற்றினால் மூக்குக்குள் போய்த் தொண்டையை அறுக்கும். இருமலுக்குத் தனிச் சீட்டு எழுதுவதையே நான் விட்டுவிட்டேன்.

நீள்பகல், நாள் 2. 18:40

பெண் பிள்ளை. அழுதது. நல்ல நிறம். இசக்கி நன்றாக இருக்கிறாள். நான்தான் நன்றாக இல்லை, இடுப்பு ஒடிந்துவிட்டது.

இன்டர்காம், இசக்கி: "எக்கா, எல்லாருட்டயும் சொல்லிருங்க. வந்து பாக்கட்டும். எங்க வீட்டு ஆளு அங்க ஊர்ல கெடந்து தவிக்காவ, இவிய பாத்தா அவிய பாத்த மாதிரி."

எல்லோரும் வந்தார்கள். அறை கொள்ளவில்லை. பிள்ளை நாற்பது கை மாறியிருக்கும். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு சும்மா சந்தோஷமாக இருந்தது. மரியசூசை மட்டும் கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டினார். கொஞ்சம் பாவமாக இருந்தது.

நீள்பகல், நாள் 8. 14:15

எனக்கும் இருமல். ஒரு வாரமாக. தூசிதான் என்று நினைத்திருந்தேன்.

இன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடுக்கடுக்காக வந்தது. மூச்சு இழுக்க இடமே கொடுக்கவில்லை. கடைசியில் ஹூப் என்று ஒரு இழுப்பு. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. பயிற்சிக் காலத்தில் குழந்தைகள் வார்டில் கேட்ட சத்தம் அது.

மூக்கில் எடுத்துச் சோதித்தேன். கக்குவான்.

ஊசி போட்டிருக்கிறேனே. எல்லோரும் போட்டிருக்கிறோமே.

அதே நாள். 15:30

குப்பிகளைக் கண்டுபிடித்தேன். அன்று குலுக்கி வைத்தவை, சிரிஞ்சுப் பெட்டிகளுக்குப் பின்னால், தாங்கியிலேயே. மேலே பச்சைத் தண்ணீர் போலத் தெளிவு. அடியில் திப்பி.

அரை மணி நேரம் என்பது ஊர்க் கணக்கு. பூமியின் இழுப்புக்கு எழுதிய கணக்கு. இங்கே எடை ஆறில் ஒரு பங்கு. எல்லாம் மெதுவாகத்தான் விழும், திப்பியும்தான். மூன்று மணி நேரம் காத்திருந்திருக்க வேண்டும். இங்கே தேநீர்த்தூள் அடியில் தங்குவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது என்று நானே தினமும் திட்டுகிறேன், இதை யோசிக்கவில்லை. மீட்டர் கதவில் இருந்தது. மருந்து சுவர்ப் பக்கம் இருந்தது.

நாற்பது பேருக்கும் தண்ணீரைக் குத்தி அனுப்பி, போய்ப் பிள்ளைக்கு முத்தம் கொடுங்கள் என்றிருக்கிறேன். இசக்கிக்கும் தண்ணீர்தான். அவள் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப ஒன்றுமே இருந்திருக்காது.

கடவுளே, என்ன செய்துவிட்டேன்.

நீள்பகல், நாள் 9. 10:00

எல்லோருக்கும் இரத்தப் பட்டை வைத்துப் பார்த்தேன். எதிர்ப்புச் சக்தி இருந்தால் ஒரு கோடு வரும். யாருக்கும் வரவில்லை. ஒருவரைத் தவிர. மரியசூசைக்கு மட்டும் மை போட்ட மாதிரிக் கோடு.

தூத்துக்குடியில் போட்டுத்தான் இருக்கிறார்.

இன்டர்காமில் மன்னிப்புக் கேட்டேன். மரியசூசை: "அத விடுங்க சிஸ்டர். பிள்ளைக்கு என்ன செய்யணும், அதச் சொல்லுங்க."

செய்தது: எல்லோருக்கும் ஐந்து நாள் மாத்திரை. அது முடிந்தால் யார் மூச்சிலும் கிருமி இருக்காது. பிள்ளைக்கு மாத்திரையைப் பொடித்துச் சொட்டு மருந்தாகக் கொடுத்தாயிற்று. நேரத்தோடு போயிருந்தால் காப்பாற்றும். அதுவரை பிள்ளையோடு ஒரே அறையில் இருக்க ஒரே ஆள்தான் தகுதி. மரியசூசையை உள்ளே அனுப்பிக் கதவைப் பூட்டினேன். இசக்கிக்கு நேற்று முதல் இருமல். பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கியது நான். சூட்டை மாட்டிக்கொண்டு வாங்கினேன். அவள் முகத்தைப் பற்றி எழுத விரும்பவில்லை.

நீள்பகல், நாள் 10. 13:00

நான் கிடங்கில் தனியாக இருக்கிறேன். இன்டர்காமும் இந்தத் திரையும் துணை. இருமினால் விலா எலும்பு கழன்றுவிடும் போல இருக்கிறது.

இசக்கி பாலைப் பீய்ச்சி, சுவரில் சாமான் கொடுக்கும் பெட்டி வாசல் வழியாக அனுப்புகிறாள். மற்ற நேரமெல்லாம் கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

இன்டர்காம், இசக்கி: "எக்கா, மாஸ்க் ரெண்டு போட்டுக்கிடுதேன். ஒரு அஞ்சு நிமிசம். தொட மாட்டேன், சும்மா பக்கத்துல நின்னுக்கிடுதேன்."

முடியாது என்றேன்.

"நீங்கதான எக்கா எல்லாரையும் உள்ள விட்டீங்க?"

ஆமாம்.

நீள்பகல், நாள் 11. 09:45

இன்டர்காம், மரியசூசை: "பாலு நல்லாக் குடிக்கா. எம் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கா சிஸ்டர்."

இந்த வயதில் அது சிரிப்பில்லை, வாயு. சொல்லவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

கோமதிநாயகம் சார் மூன்று தடவை கூப்பிட்டார். குளிர்பெட்டியைப் பற்றி ஏதோ சொல்ல வந்து முடிக்காமல் வைத்துவிட்டார். எனக்கும் ஆறுதல் சொல்லத் தெம்பில்லை.

இசக்கி ஒவ்வொரு மணிக்கும் கேட்கிறாள், எப்போது உள்ளே விடுவீர்கள் என்று. மாத்திரை முடியட்டும் தாயி. கொஞ்சம் பொறு.

நீள்பகல், நாள் 12. 16:20

தூங்கி எவ்வளவு நேரமாயிற்று என்றே தெரியவில்லை. கண்ணை மூடினால் இருமல்.

நிலவரம் கேட்டேன். மரியசூசை, சந்தோஷமாக: "ஒரு இருமல் கூட இல்ல சிஸ்டர். நம்ம எல்லாரையும் விட கெட்டிக்காரி. காலையில இருந்து பாலுதான் கொஞ்சம் வேண்டாங்கா. ஒரு புதுச் சேட்டை படிச்சிருக்கா. அப்பப்ப மூச்சப் பிடிச்சுக்கிட்டு அசையாம கெடக்கா. உதடு லேசா கறுக்கு. ஒரு தட்டுத் தட்டுனா திரும்ப விடுதா. வெளையாடுதா போல."

விளையாட்டில்லை.

படிப்பவர் தெரிந்துகொள்ளட்டும். இவ்வளவு சிறிய பிள்ளைக்குக் கக்குவான் வந்தால் இருமத் தெரியாது. இருமுவதற்குத் தெம்பு வேண்டும். அதற்குப் பதிலாக மூச்சு விட மறந்துபோகும்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன்: ஆக்சிஜன் குழாயை முகத்துக்குப் பக்கத்தில். மூச்சு நின்றால் முதுகைத் தேய், உள்ளங்காலைச் சுண்டு. கண்ணை எடுக்காதே. நான் வருகிறேன்.

மரியசூசை: "சரி சிஸ்டர். வெளையாட்டுன்னுல்லா நெனச்சேன். சரி."

16:31

இனி யாரையும் வெளியே நிறுத்தி வைப்பதில் ஒரு அர்த்தமும் இல்லை. எது உள்ளே போகக் கூடாதென்று பூட்டினேனோ, அது பூட்டுவதற்கு முன்பே உள்ளே போய்விட்டது. பிள்ளைக்கு இப்போது தேவை அம்மாவின் கை.

எழுந்தால் இருமல் கீழே தள்ளுகிறது. கிடங்கில் இருந்தபடியே பூட்டைத் திறந்துவிட்டேன். நான்: "இசக்கி. உள்ள போ."

இசக்கி: "நெசமாவா எக்கா? நாள் முடியலியே. அப்ப எல்லாம் சரியாப் போச்சா? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. விடவில்லை. ஒரு வார்த்தை வெளியே வரவில்லை.

இசக்கி: "சரி சரி, நீங்க பேசாதீங்க எக்கா. நல்லாயிருப்பீங்க. நான் போறேன்."

ஸ்பீக்கரில் கேட்கிறது. சிரித்துக்கொண்டே ஓடுகிறாள்.