கலையாத சந்தனம்

12.7.84, வியாழன்

குற்றாலம் ரோட்டில் டி.வி. தயாரிக்கும் கம்பெனியில் இன்று எனக்கு இன்டர்வியூ. அக்கா வீட்டுக்காரர், அத்தான், எனக்குத் துணையாக வந்தார். முதலாளி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "நாளைக்கே வந்திரும்மா" என்றார். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

நான் மேஜைகளைப் பார்த்தேன். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பிடியிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து, கலையாமல் அப்படியே இருந்தது. பூஜை புரட்டாசியில். இது ஆனி.

"வேலை செய்யுதவங்க எங்க அண்ணாச்சி?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"குத்தால சீசன்லாம்மா. எல்லாரும் அருவிக்குக் குளிக்கப் போயிருக்காவ."

புரட்டாசியிலிருந்தா குளிக்கிறார்கள்?

கிளம்பும்போது, "வரும்போது உன் அயர்னையே கொண்டு வந்திரும்மா" என்றார்.

பஸ்ஸில் அத்தானிடம் சந்தனத்தைச் சொன்னேன். "ஏட்டி, கெடைச்ச வேலைய நொட்டை சொல்லாத" என்று அடக்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார். இனி வேண்டாம் என்றால் எனக்குத்தான் திமிர் என்பார்கள்.

அம்மா தூங்கிவிட்டாள். படிக்கும்போது வாங்கிய என் அயர்னைப் பையில் வைக்கத் தேடினேன். சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. பிடியில் அம்மா வைத்த சந்தனம் இன்னும் ஈரமாக இருக்கிறது.