பிரியா அளந்த வெடிப்பு

ஒக்டோபர் 11, சனி

காலையிலேயே மழை. கணித வட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வர வேண்டும், பதினான்கு பேர்தான். பாகைமானி, நூல், துணி உலர்த்தும் கவ்வி வைத்துச் சரிவுமானி செய்தோம். பாடசாலை மண்டபத்துப் படிக்கட்டின் சாய்வு 31 பாகை. ஒரே சிரிப்பு.

வாங்க வேண்டியவை: வரைபுத் தாள், பசை, எனக்குப் பனடோல்.

வீட்டு வேலை: மாறிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்றை ஒரு கிழமை அளந்து வரைபு போட வேண்டும். சிலர் அவரைக் கொடி என்றார்கள். பன்வில பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பிரியா (தரம் 9) கடைசியாகக் கை தூக்கினாள். "டீச்சர், எங்க லயத்து வீடுகளுக்குப் பின்னால தரையில ஒரு வெடிப்பு இருக்கு. அத அளக்கவா?"

"ஓம் பிள்ளை, அதையே எடும். ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு, ஆணிக்கு ஆணி அளந்து பாரும். ஒரு நாளும் விடக்கூடாது" என்றேன். நல்ல யோசனை என்று பாராட்டவும் செய்தேன்.

ஒக்டோபர் 15, புதன்

மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. தவணைப் பரீட்சைத் தாள் இன்னும் 40 மிச்சம்.

பிரியா வாட்ஸ்அப்பில் அனுப்பியது (மி.மீ.): ஞாயிறு 318, திங்கள் 319, செவ்வாய் 321, இன்று 326. கீழே அவளே எழுதியிருந்தாள்: "கூடுறதும் கூடிக்கிட்டே போவுது டீச்சர்."

இவ்வளவு அழகான வளைவு உண்மையில் வருமா? வீட்டிலிருந்து இட்டுக்கட்டி எழுதிவிட்டாளோ என்று தோன்றியது. நாளை அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

படம் வந்தது. அளவுகோல் நேராக, ஆணியோடு ஒட்டி. 335. வெடிப்புக்குள் நீர் ஓடுகிறது.

ஒரு நாளை என் சந்தேகத்துக்குச் செலவழித்துவிட்டேன்.

அவளுடைய அப்பா யோசேப்பை அழைத்தேன். "போன வருசமும் இருந்திச்சு டீச்சர். ஆனா இப்ப குசினிக் கதவு மூட மாட்டேங்குது" என்றார். சமையலறை நிலையே கோணியிருக்கிறது. தரை நகர்கிறது.

ஒக்டோபர் 17, வெள்ளி

லீவு போட்டேன். கண்டியிலிருந்து பஸ், பிறகு ஆட்டோ. மலையே தெரியாத மூட்டம். பிரியா குடையைப் பிடித்துக்கொண்டு அளந்து காட்டினாள்: 352. மேலே இரண்டு சவுக்கு மரங்கள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருந்தன. அவற்றின் சாய்வை அளக்க யாருக்கும் தோன்றவில்லை.

நானும் பிரியாவும் யோசேப்பும் தோட்டத்து ஒபீசுக்குப் போனோம். வெளிக்கள உத்தியோகத்தர் பிரியா அளவுகளை எழுதிய கொப்பியைப் புரட்டினார். தேநீர் தந்தார். மரியாதையானவர்தான்.

"டீச்சர், புள்ளைங்க அளவுகோலால மலைய அளக்கிறதா? ஆளுங்கள பயங்காட்டினா நாளைக்கு வேலைக்கு யாரு வருவா?"

"இண்டைக்கே ஆக்களை அங்கயிருந்து எடுங்கோ. பிழையெண்டால் என்னைப் பாத்துச் சிரியுங்கோ" என்றேன். கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

கண்டியில் மண்சரிவு எச்சரிக்கை அலுவலகத்துக்கும் அழைத்தேன். லைன் கிடைக்கவில்லை.

யோசேப்பு யாரையும் கேட்கவில்லை. பிரியாவின் வரைபைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் மேல் லயத்தில் வீடு வீடாகப் போனார். அங்கிருந்த ஆறு குடும்பங்களும் கோயில் மண்டபத்துக்கு இறங்கின. கீழ் லயத்துக்காரர் ஒபீசில் கேட்டார்களாம். பயமில்லை, இருங்கள் என்று பதில்.

ஒக்டோபர் 18, சனி

வட்டம் நடத்தினேன். ஒன்பது பேர். பகா எண்கள். பிரியா வரவில்லை.

மு.ப. 10.40க்கு போன். யோசேப்பு. "மலை இறங்கி வந்திருச்சு டீச்சர்." பின்னால் அழுகுரல்கள். மேல் லயம் முழுதும் போய்விட்டது. உள்ளே ஒருவரும் இல்லை. கீழ் லயத்தில் மூன்று வீடுகள். பலர் ஓடித் தப்பினார்கள். சரோஜா என்ற கொழுந்து பறிக்கும் பெண் மட்டும் அடையாள அட்டையை எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறார்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். பலகையில் 2, 3, 5, 7, 11. அழிக்கக் கை வரவில்லை.

ஒக்டோபர் 22, புதன்

மழை விட்டுவிட்டது. வெயில் கண் கூசுகிறது.

சரோஜாவை நேற்று அடக்கம் செய்தார்கள். போனேன். யாரும் என்னோடு பேசவில்லை, யோசேப்பைத் தவிர. ஒபீசில் எல்லோரும் இப்போது சொல்வது: முன்கூட்டி யாருக்கும் எதுவும் தெரியாது.

பி.ப. 2, உத்தியோகத்தர் அழைத்தார். அதே மரியாதை. "அந்தக் கொப்பி உங்ககிட்டயா இருக்கு டீச்சர்? புள்ள விளையாட்டுக்கு எழுதினது. வெளிய போனா புள்ளைக்குத்தான் கரைச்சல்."

என்னிடம் இல்லை என்றேன். உண்மைதான், பிரியாவிடம்தான் இருக்கிறது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது, நான் அவரை நேரே அவளிடம் அனுப்பியிருக்கிறேன்.

ஒக்டோபர் 23, வியாழன்

பாடசாலை முடிந்து வெளியே வர, வாசலில் பிரியாவும் யோசேப்பும். மண்டபத்தில் கொடுத்த யாருடையதோ சட்டை அவளுக்கு. தோள் பெரிது.

புது வீட்டுப் பட்டியலில் முதல் பெயர் தங்களுடையது என்று ஒபீசில் சொல்லியிருக்கிறார்களாம். ஒரு கடிதம் மட்டும் வேண்டுமாம். யோசேப்பு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "புள்ள அளந்தது பிழைன்னு நீங்க எழுதித் தரணுமாம். ஆறு குடும்பமும் மண்டபத்துலதான் படுத்துருக்கு டீச்சர். நா என்ன செய்ய?"

பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன.

பிரியா கொப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"நா பிழையா அளக்கல டீச்சர்."

"தெரியும் பிள்ளை" என்றேன்.

"அப்ப நீங்க எழுதிக் குடுங்க. சரியாத்தான் அளந்தேன்னு."