மோட்டார் கிளம்பும் நொடி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா? நான் நலம், கோபம்தான் குறையவில்லை.

நாள் முழுக்க ஜெனரேட்டர் மாட்டிப் பிழைப்பவள் நான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுபோல, மாமாவைக் கேட்டு இரண்டு கிலோவாட் ஜெனரேட்டர் வாங்கப் போகிறீர்களாமே! அக்கா சொன்னாள். ஃப்ரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தை மட்டும் மாமா கூட்டியிருக்கிறார். மோட்டார் கிளம்பும் நொடியில் மூன்று மடங்கு இழுக்குமே, அதை யார் கொடுப்பது? அவரா? இங்கே ஒரு வீட்டில் இப்படித்தான் சின்னதாக வாங்கினார்கள். மோட்டாரைப் போட்டதும் திணறிப் புகைந்தது. அணைக்கப் போன என் கையில் லேசாகச் சுட்டது, அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நான்கு கிலோவாட் வாங்குங்கள்.

இன்னொன்று. கணக்கில் என் அறையே இல்லையாம். "அவ ரூமு பூட்டித்தானே கிடக்கு, அதுக்கு எதுக்கு?" என்று சொன்னது மாமா இல்லை, நீங்கள். அங்கிருக்கும் ஃபேனும் விளக்கும் சேர்ந்தாலும் நூறு வாட் வராது அப்பா. அதைக்கூடத் தாங்காதா உங்கள் வீடு?

வேலைக்குக் கூட்டிப்போக வந்த வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். என் ஜன்னலையாவது அவ்வப்போது திறந்து வையுங்கள்.

உங்கள் இளைய மகள்