இன்னைக்கு எங்க பாடு இல்ல

நைனா,

பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். இன்று காலை அந்த ஈர வாடைக்குள் போய் நின்றதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. போன வருஷம் இதே மேஜைக்கு முன்னால், முழங்கால் வரை ஏரிச் சேற்றோடு நீ நின்றாய். இப்போது நீ இல்லை, நான் நிற்கிறேன். விஷயம் மட்டும் மாறவில்லை. செல்விக்கு இன்னும் வாசிக்க வரவில்லை.

தங்கச்சி மக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். ஒருமுறை காதால் கேட்ட பாடத்தை அப்படியே சொல்லுவாள். அச்சில் பார்த்தால்தான் எழுத்தெல்லாம் இடம் மாறிப்போகிறது. எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொன்னால் இன்னும் மோசம். எட்டாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் வந்த அன்று அது முற்றிவிட்டது. செய்யுள் பக்கத்தைத் திறந்து கொடுத்து, "பாடு" என்றார் அவர். பயத்தில் இவள் காதில் விழுந்தது நம் ஊர்ப் பாடு. ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்று முறை வைக்கிறோமே, அது.

"இன்னைக்கு எங்க பாடு இல்ல சார்" என்றாள்.

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பேரே பாடு. நம் பசியாவரத்துப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு அப்படிக் கூப்பிட்டதுதான் எனக்கு ஆத்திரம். காலையில் பள்ளிக்கூடம் போகப் படகு ஏறுவதற்குள் வாந்தி எடுப்பாள்.

ஒருநாள் நீ வலையை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய். "இன்னா சார் தப்பு? அன்னைக்கு எங்க பாடு இல்லதான். பொண்ணு பொய் சொல்லலயே" என்றாய். பக்கத்தில் நின்ற தமிழ் டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்பு போவதற்குள் கேட்டுவிட்டாய்: "எல்லார் எதிர்லயும் வேணாம்மா. மணி அடிச்சப்புறம் உங்ககிட்ட மட்டும் படிக்கட்டும். நான் படகோட காத்துக்கினு இருக்கேன்."

டீச்சர் ஒத்துக்கொண்டார். வரிக்கு அடியில் ஓர் அட்டையை வைத்து நகர்த்தி நகர்த்தி வாசிக்க வைத்தார். பரீட்சைக் கேள்வியை வாயால் ஒருமுறை படித்துக் காட்டினார். அவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றுமில்லை. வாந்தி நின்றது. பாஸானாள்.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை. டீச்சருக்கு மாற்றல். புதிதாக வந்தவர், வாசிக்கவில்லை என்று அவளைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார். வாந்தி திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. எல்லாரையும் போல வாசிக்கட்டும், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள் என்கிறார் தலைமையாசிரியர்.

ஐ.டி.ஐ.யில் மோட்டார் வைண்டிங் படித்தவன் நான். எனக்குத் தெரிந்த பாஷையில்தான் பேசினேன். "மோட்டார் ஓடலன்னா எங்க கோளாறுன்னு பாப்போம் சார். அத்தப் பெஞ்சு மேல நிக்க வெக்க மாட்டோம்."

"இது உன் ஒர்க்ஷாப் இல்ல தம்பி. ஒருத்திக்குன்னு தனிச் சட்டம் போட முடியாது."

"சட்டம் யாரு கேட்டா? ஒரு அட்டை வெக்கச் சொல்றேன். கேள்வியப் படிச்சுக் காட்டச் சொல்றேன். அதுக்கு இன்னா செலவு?"

குரல் ஏறிவிட்டது. அவர் டி.சி. விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினார். நான் கையெழுத்துப் போடவில்லை. கிளம்பவும் இல்லை. கடைசியில் அவர்தான் எழுந்து, "அப்புறம் பாக்கலாம்" என்று வெளியே போனார்.

சாயங்காலம் படகில் செல்வி கேட்டாள்: "கத்துனியாமே? எங்க கிளாஸ் வரைக்கும் கேட்டுச்சு."

"கேக்கட்டும்."

"நைனா இருந்தா சிரிக்க வெச்சிருக்கும்."

கொஞ்ச தூரம் போனதும், "நாளைக்கு எனக்கு ஸ்கூல் உண்டாண்ணா?" என்றாள். உண்டு என்றேன்.

உன்னைப் போலச் சிரிக்க வைக்க எனக்கு வராது நைனா. முயற்சி செய்தாலும் முறைப்பது போலத்தான் இருக்கும். உன்னிடமிருந்து எனக்கு வந்திருப்பது ஒன்றே ஒன்று: போ என்று சொன்னாலும் போகாமல் நிற்பது. நாளைக்கும் போய் நிற்பேன். அவர் வருவதற்கு முன்னாலேயே.