சூரியன் சரியில்லாத நாள்

கௌடொகெய்னோ,
ஜூலை மாதம்

அன்புள்ள காரெனுக்கு,

அண்ணி ரவ்னா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் பனிமான்களும் சுகம். கொசுக்கள் எங்களைவிடச் சுகம். ட்ரொம்சோவில் நீயும் உன் ஆய்வுக்கூடமும் நலமாக இருக்க வேண்டும்.

பிப்ரவரியில் நீ செய்ததற்கு இப்போதுதான் நன்றி சொல்கிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை.

பனிமான் மந்தையை விட்டுச் சூரியனைப் படிக்கப் போனவள் என்று உன் மேல் உன் அண்ணனுக்கு எவ்வளவு கோபம் என்பது உனக்கே தெரியும். எந்த மான் யாருடையது என்று காட்ட வீட்டில் ஆளுக்கொரு காதுக்குறி இருந்தும், நீ வீட்டைவிட்டுப் போன வருஷத்திலிருந்து எந்தக் கன்றின் காதிலும் அவர் உன் குறியை வெட்டவில்லை. நீ எனக்குப் போன் செய்தால் என் கையிலிருந்து பிடுங்கி, "என்ன, நாளைக்குப் பனி கொட்டும்னு உன் சூரியன் சொல்லுதா?" என்று வம்புக்கு இழுப்பார். நீயும் சளைக்காமல், "சூரியனுக்கும் பனிக்கும் ஏதோ தொடர்பு இருக்கலாம்கிறாங்கண்ணா, எனக்கு உறுதியாத் தெரியாது" என்பாய். தெரியாததற்கா சம்பளம் என்று சிரிப்பார்.

பிப்ரவரியில் அன்று காலை போனில் உன் குரலே வேறு. "சூரியப் புயல் வானத்து மேலடுக்கைக் கலக்கிடுச்சு அண்ணி. ஜி.பி.எஸ். தப்பாக் காட்டும். இது உறுதி. அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்றாய். சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் பனி ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

உறைந்த ஏரியில் ஒரே மூடுபனி. வழக்கமான தடத்தில்தான் போவதாக ஜி.பி.எஸ். கருவி காட்டியதாம். ஆறு வந்து சேரும் பக்கம் பனிக்கட்டி மெலிந்திருக்கும் அல்லவா, தடம் அதைச் சுற்றிப் போகும் இடம் நெருங்கியபோது உன் பேச்சு ஞாபகம் வந்திருக்கிறது. "எப்பவும் தெரியாதுங்கிறவ, இன்னிக்கு உறுதின்னாளே" என்று வண்டியை நிறுத்தி, முன்னால் தடியால் குத்திப் பார்த்திருக்கிறார். தடி உள்ளே போய்விட்டது. தண்ணீர் மேலே வந்தது. தடத்தை விட்டு விலகி, அந்த மெலிந்த பனிக்கட்டியின் விளிம்புக்கே வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதோடு சரி, பிறகு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. உன்னால்தான் எனக்கு இன்று புருஷன் இருக்கிறார், காரென்.

போன வாரம் கன்றுகளுக்குக் குறி வெட்டினோம். முதலில் பிடித்தது ஒரு வெள்ளைப் பெண் கன்று. கத்தியை எடுத்தவர் அதன் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெட்டினார். அது அவர் குறியும் இல்லை, என் குறியும் இல்லை. நான் பார்ப்பதைக் கண்டு, "கை தவறிடுச்சு" என்றார். அப்புறம் இன்னும் நான்கு கன்றுகளுக்கு அதே மாதிரி கை தவறியது.

குளிருக்கு முன்னால் உன் கன்றுகளைப் பார்க்க வந்துவிடு, அம்மா. அவர் கூப்பிடமாட்டார். ஆனால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் முதலில் எழுந்து வருவது அவராகத்தான் இருக்கும்.

நீ நூறு வருஷம் நன்றாக இரு.

உன் அண்ணி,
ரவ்னா