புன்னையைக் கட்டிய கயிறு

12.6.2023

தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு நாள். படகு வேலையெல்லாம் முடிந்தது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

கீரனூர் நர்சரியில் வேலை பார்க்கும் மகள் ஷர்லி இடுப்புயரப் புன்னைக் கன்று ஒன்று கொண்டுவந்து வீட்டுக் கொல்லையில் நட்டாள். அவள் அம்மா கல்லறைக்கு நிழல் தந்த மரம் புயலில் சாய்ந்ததே, அதன் விதையில் முளைத்தது இரண்டே கன்று. மற்றது நர்சரியில் இருக்கிறதாம்.

"வேர் புடிச்சதும் தண்ணியக் கொறைங்கப்பா. அப்பத்தான் வேரு கீழ எறங்கும். கட்டவும் கட்டாதீங்க. காத்துல ஆடுனாத்தான் தண்டு தடிக்கும்."

முப்பது வருடம் காற்றோடு மல்லுக்கட்டியவனுக்கு வகுப்பு!

3.8.2023

கடற்காற்று கன்றைத் தரையோடு வளைக்கிறது. மனசு கேட்கவில்லை. நாலு பக்கமும் முளை அடித்து, படகைக் கட்டுவதுபோல் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டேன். தினம் இரண்டு குடம் தண்ணீர்.

19.2.2024

ஷர்லி போட்டோ கேட்டாள். கயிறு தெரியாத பக்கமாக நின்று எடுத்து அனுப்பினேன்.

14.12.2024

கன்று என் உயரம். பளபளவென்று இலை. நாளை ஷர்லி வருகிறாள். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வலைக்கு அடியில் வைத்தேன். முளைகளையும் பிடுங்கிவிட்டேன்.

15.12.2024

சாய்ந்துவிட்டது.

16.12.2024

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. விடியற்காலை வாடைக்காற்று, பெரிய காற்றுகூட இல்லை. வேரோடு கிடந்தது. வேர் ஒரு சாண்கூட இறங்கவில்லை — ஊற்றிய தண்ணீர் மேலேயே கிடைத்தால் அது எதற்குக் கீழே போகும்? ஏன்டா கட்டுன? கட்டுனவன் ஏன்டா அவுத்த? மகளுக்குப் பயந்தா?

"காத்துல விழுந்துருச்சும்மா" என்றேன். பட்டையில் கயிறு அறுத்த தடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

20.1.2025

நர்சரியில் இருந்த மற்ற கன்றை ஷர்லி பக்கத்து வீட்டு மூக்காயி கொல்லையில் நட்டுவிட்டுப் போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூக்காயியிடம் கேட்டேன்.

"கட்ட மாட்டேன், தெனம் தண்ணி ஊத்த மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டுத்தாண்ணே நட்டுச்சு. ஒங்கள வேலிக்கு இங்கிட்டு விடக் கூடாதாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சாயங்காலம் நல்ல காற்று. அந்தக் கன்று தலை மண்ணில் இடிக்கிற அளவுக்கு ஆடியது. வேலியைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை இந்தப் பக்கமே நின்றேன்.